பிஸ்தா பச்சையில் நாலு ஃபேன்

அந்த வீட்டில் மாமனாரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிஸ்தா பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிஸ்தா பச்சை சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பேப்பர் அசைந்தால்தான் ஆள் இருப்பதே தெரியும். சுவர், திரைச்சீலை, மேஜை விரிப்பு, டீ கப், குளியலறை வாளி, வாளிக்குள் மிதக்கிற மக் வரைக்கும் அதே பச்சை. பச்சையில் கிடைக்காத சாமான்களுக்கு மாமியார் உறை தைத்துப் போட்டுவிடுவார். ஃப்ரிட்ஜின் கைப்பிடிகூட சட்டை போட்டுக்கொண்டுதான் நின்றது.

இதற்கெல்லாம் தப்பிய பொருள் ஒன்றே ஒன்று: மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர்.

கல்யாணத்துக்கு முன்னால் வாடகை அறையிலிருந்து அவன் கொண்டுவந்த கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே நாலு கறுப்பு ஃபேன், ஓடுகிற சத்தமே கேட்காது. கட்டப்போகிற வீடுகளைக் கட்டி முடித்ததுபோலவே படமாக்கிக் கொடுப்பது அவன் தொழில். ஊரார் வீட்டுக்கெல்லாம் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, வர்ணம் அடித்துக் கொடுப்பவன், சொந்தமாக ஒரு வாசற்படி இல்லாமல் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தான். "ரெண்டு மாசம் இங்கயே இருங்க, நிதானமா வீடு பாக்கலாம்" என்று மாமியார் சொன்னது ரெண்டு வருஷத்துக்கு முன்னால். அன்றைக்கும் அவன் "சரி அத்தை" என்றுதான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஒரு வீடு அமைந்தது. மூன்றாவது மாடி, இரண்டு அறை, வெறும் சுவர், நிறைய வெளிச்சம். தரகர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னார். "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் இது என் பாக்கெட்ல இருக்கும் சார். அப்புறம் அடுத்த பார்ட்டிக்குக் குடுத்துடுவேன். என்னைத் திட்டக் கூடாது."

படியிறங்கும்போது மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. ஆனா அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா மூணு நாள் அழுவாங்க. மாப்பிள்ளை சொன்னா ஒரு நாளோட முடிஞ்சிடும்."

"நான் சொல்றேன்" என்றான். சனிக்கிழமை முழுக்கச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

"அத்தை, ஒரு விஷயம்..."

"என்கிட்டயும் ஒரு விஷயம் இருக்கு மாப்பிள்ளை. கண்ணை மூடிக் கையை நீட்டுங்க."

நீட்டினான். கையில் ஒரு அட்டைப்பெட்டி வந்து உட்கார்ந்தது. திறந்தால் நாலு ஃபேன். நாலும் பிஸ்தா பச்சை. இதழிதழாக, பூத்த பூ மாதிரி இருந்தன.

"அத்தான், சும்மா இல்ல, நாலு கடை!" என்றாள் மச்சினி. கல்லூரியில் படிப்பவள், வாய் கொஞ்சம் அதிகம். "அம்மா தலையணை உறையைக் கையில வச்சுக்கிட்டு கலர் ஒத்துப் பாக்குறாங்க. கடைசிக் கடைக்காரர், 'ஃபேனை நீங்களே எடுத்துக்குங்கம்மா, உறையை மட்டும் உள்ள வைங்க'ன்னு கெஞ்சிட்டாரு."

"உங்க பெட்டி மட்டும் இந்த வீட்ல ஒட்டாமயே நிக்குது மாப்பிள்ளை. பாக்கறப்பல்லாம் எனக்கு மனசு கேக்கல." மாமியாரின் கண்ணில் நிஜமான வாஞ்சை. அந்த வாஞ்சைதான் அவனுக்கு வில்லங்கம். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிடலாம். ஆசையாக நீட்டுகிறவரை என்ன சொல்வது?

"என்னமோ விஷயம்னு சொன்னீங்களே?"

"அது... அப்புறம் சொல்றேன் அத்தை."

குடும்பமே சுற்றி உட்கார்ந்துகொள்ள, கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கிவந்து திறந்தான். நாலு கறுப்பு ஃபேனையும் கழற்றித் தூசி துடைத்து ஓரமாக வைத்தான். முதல் பச்சை ஃபேனை முன்பக்கம் பொருத்தி நாலு ஸ்க்ரூவையும் முறுக்கி முடித்தபோது மாமியார் முகம் சுருங்கியது.

"என்ன மாப்பிள்ளை, இது முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது?"

கண்ணாடி வழியாகத் தெரிந்தது பூ இல்லை. ஃபேனின் பின்பக்கம்தான்: குறுக்குக் கம்பி, ஒயர், ஸ்டிக்கர். அப்படித்தான் தெரிய வேண்டும். ஃபேன் பூப்பக்கத்தால் காற்றை இழுத்து முதுகுப் பக்கத்தால் தள்ளும். முன்னால் இருக்கிற இரண்டும் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும், மேலேயும் பின்னாலும் இருக்கிறவை சூட்டை வெளியே தள்ள வேண்டும். இது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"இல்ல அத்தை, காத்து..."

"காத்து எப்படியும் வந்துடும். பாக்கறவங்க கண்ணுக்குப் பூவுல்ல தெரியணும்?"

"சரி அத்தை."

முறுக்கிய நாலு ஸ்க்ரூவையும் திரும்பக் கழற்றினான். நாலு பூவும் உள்பக்கம் பார்த்தபடி மாட்டினான். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு முறை வாயைத் திறந்தான். ஒவ்வொரு முறையும் வார்த்தையை மென்று விழுங்கினான். சமையலறை வாசலில் நின்ற மனைவி சுவர்க் கடிகாரத்தைக் கண்ணால் காட்டினாள். மணி நாலேகால். கடிகாரமும் பச்சை.

மாமியார் அத்தோடு விடவில்லை. கண்ணாடிக்கும் ஃபேனுக்கும் மட்டும் இடம் விட்டு, சுற்றிலும் சுருக்கு வைத்துத் தைத்த பச்சை உறை ஒன்றும் வந்தது. அளவெடுத்த சட்டை மாதிரி பெட்டியைக் கவ்விப் பிடித்தது.

சோபாவில் பேப்பர் அசைந்தது. "ஜோரா இருக்கு மாப்பிள்ளை. இப்பத்தான் இது நம்ம வீட்டு சாமான்" என்றார் மாமனார்.

ஆப்பைப் பிடுங்கப் போய் வால் மாட்டிக்கொண்ட குரங்குக்காவது ஆப்பைப் பிடுங்கிய குற்றம் உண்டு. தான் எதையும் பிடுங்கவில்லையே, சும்மா உட்கார்ந்திருந்ததற்கே மரம் மூடிக்கொண்டதே என்று அவன் நினைத்தான்.

பெட்டியை அறைக்குத் தூக்கிப் போய், திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய வீட்டுப் படம் உருவாக ஓடவிட்டான். கனமான படம். உள்ளே நாலு பூவும் அழகாகச் சுற்றின. பத்து நிமிஷத்தில் சுற்றுகிற வேகம் கூடி இரைச்சலானது. ஐந்தேகாலுக்குத் திரை பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டான், மறுபடி அணைந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஜன்னலில் பச்சைத் திரை. எழுந்துபோய் அதை விலக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

மனைவி உள்ளே வந்தாள். "சொல்லியாச்சா?"

"இல்ல."

"மணி அஞ்சேமுக்கால்." மேலே பேச வந்தவள் பெட்டிமேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். "என்னங்க, இப்படிக் கொதிக்குது?" உறையை உருவினாள். முன்பக்கம் கை வைத்தாள், மேலே வைத்தாள், பின்னால் வைத்தாள். எல்லாப் பக்கமும் அனல் அடித்தது. "நாலும் வெளிய தள்ளுது. அப்ப உள்ள எது வரும்?"

"எதுவும் வராது."

"இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா மாட்டினீங்க?" என்று கேட்டது மனைவி இல்லை. டீ கப்போடு வாசலில் மாமியார் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மச்சினி.

"நீங்க ஆசைப்பட்டீங்க அத்தை."

"நான் ஆசைப்பட்டா? வீட்டைக் கொளுத்தணும்னு ஆசைப்பட்டா தீப்பெட்டி எடுத்துக் குடுப்பீங்களா?" மாமியாரின் குரல் உடைந்தது. "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? ரெண்டு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேண்டாம்னு சொல்லியிருக்கீங்களா? எல்லாத்துக்கும் சரி, சரி. எனக்கு எப்படி மாப்பிள்ளை தெரியும்?"

அவன் கண் டீ கப்பில் விழுந்தது.

"டீயில சர்க்கரை வேண்டாம் அத்தை."

"என்னது?"

"எனக்கு சர்க்கரையே பிடிக்காது. முதல் நாள் நீங்க மூணு ஸ்பூன் போட்டுக் குடுத்தீங்க..."

"அய்யோ அத்தான்! ரெண்டு வருஷமா அந்தப் பாயசத்தையா குடிச்சீங்க?" மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மேஜைமேல் அவன் கைபேசி அடித்தது. தரகர். மணி ஆறுக்குப் பத்து. அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டே, விட்டால் வாய் மூடிக்கொள்ளுமோ என்ற பயத்தில் ஒரே மூச்சில் சொன்னான். "அத்தை, நாங்க ஒரு வீடு பாத்திருக்கோம். மூணாவது மாடி. ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும். தனியா போகணும்னு ஆசையா இருக்கு. எனக்குத்தான். அவளைத் திட்டாதீங்க."

"எனக்கும்தாம்மா" என்றாள் மனைவி, மெல்ல.

கூடத்தில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. மாமனார் நிஜமாகவே எழுந்து வந்து நின்றார். மாமியார் டீ கப்பை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனார். போன் ஓய்ந்தது. 'மூணு நாள் அழுகை' என்று அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான்.

மாமியார் திரும்பி வந்தார். மூக்கு சிவந்திருந்தது. கையில் தையல் டேப்.

"ஜன்னல் எத்தனை? நீள அகலம் தெரியுமா? திரைச்சீலைத் துணி இன்னும் ஒரு கட்டு மிச்சமிருக்கு..."

சுவர் நாலும் நெருங்கி வருவதுபோல இருந்தது அவனுக்கு. மூன்றாவது மாடி, அந்த வெளிச்சம், அதன்மேல் மெதுவாகப் பரவுகிற பச்சை. மனைவி அவனைப் பார்த்தாள். மச்சினி பார்த்தாள். 'சரி அத்தை' நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"வேண்டாம் அத்தை."

டேப் பாதி விரிந்தபடி நின்றது. மாமியார் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்டார். "அப்ப உங்களுக்கு என்ன கலர்தான் பிடிக்கும் மாப்பிள்ளை?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். கறுப்பா? அது கடையில் இருந்ததே என்று வாங்கியது. ஊரார் வீட்டுக்கெல்லாம் வர்ணம் அடித்தவனுக்குத் தன் சுவருக்கு ஒன்று தோன்றவில்லை.

"தெரியல அத்தை. போய்ப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

மாமியார் டேப்பை விரலில் சுற்றி முடித்தார். டீ கப்பை எடுத்துக்கொண்டார். "இது ஆறிப்போச்சு. வேற போட்டு எடுத்துட்டு வரேன். சர்க்கரை..." என்று நிறுத்தினார்.

"வேண்டாம்."

போன் மறுபடி அடித்தது. அவன் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். மனைவி ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்து, முன்பக்கத்து முதல் ஃபேனைத் திருப்பி மாட்டத் தொடங்கியிருந்தாள்.