சாய்ந்து வடிந்த துரு

என் கைவேலையில் ஆகச் சிறந்ததைக் காட்டு என்றால் காட்ட முடியாது. அது பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்கள். அப்படிச் சுளிக்க வைப்பதற்காகத்தான் பதினெட்டு நாள் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டினேன்.

நான் சாருஜா. மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். உச்சிப்புளியில் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை போட்டு ஏர்பிரஷ் வேலை செய்கிறேன். பைக் டேங்கில் நெருப்பு, வேன் கதவில் சீறும் காளை, ஹெல்மெட்டில் கழுகு, ஃபிரிட்ஜ் கதவில் நீர்வீழ்ச்சி. ஒருமுறை கேஸ் சிலிண்டரில் மயில் தோகை போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் காலி சிலிண்டரோடு தோகையும் போய்விட்டது என்று வீட்டுக்காரி வந்து என் மேல் பாய்ந்தாள். மெல்லிய கோடு இழுப்பதில் மட்டும் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. நீள முடிப் பிரஷை எடுத்து மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தால், முன் பம்பரில் தொடங்கிய கோடு பின் பம்பர் வரை நடுங்காது.

வேலை முடிந்ததும் கீழ்மூலையில் என் பெயரை எழுதுவேன். என் பெயர் எழுதியிருக்கிற இடம் உலகத்தில் இரண்டுதான்: ஒன்று முகாம் பதிவேடு, மற்றது இந்த மூலைகள். பதிவேட்டில் யாரோ எழுதினார்கள். மூலையில் நானே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேரை வண்டியோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இந்தக் கரையில் உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் அல்வா. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் துருவை மறைக்கச் சொல்லித்தான் வருவார்கள். துரு போடச் சொல்லி வந்தவர் செல்லச்சாமி ஒருவர்தான்.

அவர் மிளகாய் விவசாயி. ஏழு பேர் உட்காரக்கூடிய வெள்ளை வண்டியை ஷோரூமிலிருந்து நேராக என் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சீட்டில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. என்ன மாதிரி துரு வேண்டும் என்று கேட்டேன்.

“பாத்தவன் ஏறக் கூடாது தாயி. அந்த மாதிரி.”

பிறகு காரணத்தைச் சொன்னார். போன வண்டியை அவர் ஓட்டியதைவிட சொந்தக்காரர்கள் ஓட்டியதுதான் அதிகம். காதுகுத்துக்குப் போகும், மொட்டைக்குப் போகும், பெண் பார்க்கப் போகும், ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாடப் போகும். ஒருமுறை ஆட்டுப் புழுக்கையோடு வந்தது. இன்னொருமுறை பக்கவாட்டுக் கண்ணாடி இல்லாமல் வந்தது. அவர்கள் வகையறாவில் உறவுக்காரன் கேட்டு இல்லை என்று சொன்னவன் கிடையாதாம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல மாட்டாமல் அவருடைய தகப்பனார் கிணற்றடிப் புஞ்சையையே பங்காளிக்கு விட்டுக்கொடுத்தவராம்.

“இல்லேன்னு என் வாயால சொன்னா நான் செத்ததுக்குச் சமம்,” என்றார். “நான் சொல்ல மாட்டேன். வண்டி சொல்லட்டும்.”

மூன்று நிபந்தனை வைத்தார். துருவுக்குக் கீழே என் பெயர் இருக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, வரைந்தது நான் என்று எவரிடமும் வாய் திறக்கக் கூடாது. கையோடு தேவிபட்டினத்துக்குக் கூட்டிப்போய், கடலுக்குள் நவக்கிரகமாக நிற்கிற ஒன்பது கல்லில் சனீஸ்வரன் கல்லுக்கு முன் முழங்கால் தண்ணீரில் நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் ஏன் ஒத்துக்கொண்டேன்? நெருப்பும் கழுகும் போட்டுப் போட்டு அலுத்திருந்தேன். துரு வரையச் சொல்லி எந்த ஓவியனையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்ற திமிரும் சேர்ந்துகொண்டது. சனீஸ்வரன் திமிருக்குத்தான் முதலில் வேலை வைப்பார் என்பது அப்போது தோன்றவில்லை.

துரு என்றால் காவி நிறம் என்று நினைப்பவன் துருவைப் பார்த்ததே இல்லை. ஓரத்தில் மஞ்சள், உள்ளே போகப் போகப் பழைய புளியின் நிறம், நடுவில் கறுப்பு. பெயின்ட்டுக்கு அடியில் கிளம்பும் துரு முதலில் அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பும். அதற்கு வெறும் நிழல்தான் வேலை. மேட்டுக்கு ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. பம்பரில் இல்லாத நெளிசலை நிழலாலேயே நெளித்தேன். மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்தால் குட்டு உடைந்துவிடும் என்று மங்கல் வார்னிஷ் தேடி மதுரைக்குப் போய் வந்தேன்.

முன்கதவுக்கு மட்டும் மனசுக்குப் பிடித்த துரு அமையவில்லை. கடைசியில் மண்டபம் போகிற வழியில் மதார் பாயின் பழைய இரும்புக் கடை கேட்டில் அது கிடைத்தது. போல்ட்டுகளிலிருந்து கீழே வடிந்து காய்ந்த துரு. அப்படியொரு அழகை நான் கோயில் சுவரில்கூடப் பார்த்ததில்லை. எதிர் டீக்கடையில் நாலு நாள் உட்கார்ந்து வரைந்தேன். ஆள் இல்லாத நேரத்தில் டேப் வைத்து, கேட்டின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு வடிசலும் எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டேன். அளந்ததை அளந்தபடியே வண்டிக் கதவில் இறக்கினேன்.

செல்லச்சாமி வண்டியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா? சீட்டில் பழைய சாக்கை விரித்து, மீன் ஏற்றின வண்டியைச் சல்லிசாக வாங்கினேன் என்று வீட்டிலும் ஊரிலும் சொல்லிவிட்டார். மறுவாரமே அவர் மனைவியின் தம்பி தர்மராஜ் காதுகுத்துக்கு வண்டி கேட்க வந்தானாம். வண்டியைச் சுற்றிப் பார்த்தானாம். ஒன்றுமே கேட்காமல், மோர் மட்டும் குடித்துவிட்டு பஸ்ஸில் போய்விட்டானாம். போனில் இதை அந்த மனிதர் மூன்று தடவை சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்று முழுக்க ஒரு ஹெல்மெட்டைக்கூட ஒழுங்காக முடிக்க முடியவில்லை. உலகத்தில் எவனும் வரையாததை வரைந்திருக்கிறேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், இது வரைந்தது என்று கண்டுபிடித்தால் போதும் என்று கிடந்து தவித்தேன். கண்டுபிடித்துவிட்டால் வேலை தோற்றது என்று அர்த்தம். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

நாலு மாதம் கழித்து அந்த வண்டி என் கொட்டகைக்கே திரும்பி வந்தது. அக்காவிடம் சாவி வாங்கி ஓட்டி வந்தவன் தர்மராஜ். மச்சான் நொடித்துப்போய்விட்டார், கௌரவத்தில் வாய் திறக்க மாட்டேன் என்கிறார் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் வண்டியைச் சரிசெய்து கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. துருவை எடுப்பதில் கெட்டிக்காரி யார் என்று விசாரித்ததில் ஊர் முழுக்க என் பெயரைச் சொல்லியிருக்கிறது.

“இன்ஜின் பூ மாதிரி ஓடுது தங்கச்சி,” என்றான் தர்மராஜ். “உடம்புதான் போயிருச்சு. எங்க மச்சான் மாதிரியே.”

உள்ளே போய் செல்லச்சாமிக்குப் போன் செய்தேன். தர்மராஜ் வந்திருப்பதைச் சொன்னேன். அவர், “பாசத்துல செய்யுறான் தாயி. வேணாம்னு எப்படிச் சொல்லுவேன்?” என்று வைத்துவிட்டார்.

என் கையாலேயே உப்புத்தாள் போட்டு அந்தக் கதவைத் தேய்ப்பதா? முடியாது. இந்தத் துரு இரும்போடு ஊறியது, தேய்த்தால் கதவு உதிர்ந்துவிடும், எனக்கு ஏலாது என்று தர்மராஜிடம் சொன்னேன். இதில் பொய் என்று பார்த்தால் எல்லாமே பொய்தான். அவன் பெருமூச்சு விட்டு, அப்படியானால் இதை எடைக்குப் போட்டுவிடுவோம், எல்லாரும் சேர்ந்து மச்சானுக்கு வேறு வண்டி பார்ப்போம் என்றான். பாம்புக்குப் பயந்து புற்றில் கையை விட்ட கதையாயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் மதார் பாய்க்கு ஆள் போய்விட்டது.

மதார் பாய் வந்தார். நாற்பது வருடமாகத் துருவோடு குடும்பம் நடத்துகிறவர். பானட்டை விரல் முட்டியால் தட்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார். முன்கதவுக்கு முன் வந்ததும் நின்றுவிட்டார். உள்ளங்கையைத் துருவின் மேல் வைத்து எடுத்து, கையைப் பார்த்தார். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. தர்மராஜை எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

“இது என் பழைய கேட்டு,” என்றார்.

எனக்கு முழங்கால் வரை கடல் தண்ணீரின் குளிர் ஏறியது.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம் புள்ள. வண்டியில தண்ணி நேரா கீழதான் வடியும். துருவும் நேராத்தான் வடியணும். இது சாஞ்சு வடிஞ்சிருக்கு. என் கேட்டு கீல் விட்டு சாஞ்சு நின்னுச்சு, அதுல அப்படி வடிஞ்சது சரி. இதுல எப்படி வடியும்?”

உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. சாய்ந்த கேட்டை ஓரத்திலிருந்து அளந்து, நேரான கதவில் சாய்ந்த துருவை இறக்கியிருக்கிறேன். கண்டுபிடித்துவிட்டாரே என்று சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. தப்பைக் கண்டுபிடித்துவிட்டாரே என்று வெட்கத்தில் அதே கண்ணீர் இன்னும் கொஞ்சம் வந்தது.

ஒரு பெண் டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போனாள் என்று கேள்விப்பட்டு, ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் என்று பயந்து, அவர்கள் இடிப்பதற்குள் தானே மறுவாரம் அந்தக் கேட்டை வெட்டி எடைக்குப் போட்டுவிட்டாராம். இப்போது இருப்பது உள்ளே தள்ளி வைத்த புதுக் கேட்டு. இருபத்தேழு வருடத் துரு, அதைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் கடையைத் திறப்பேன் என்றார். பார்வையைக் கதவிலிருந்து எடுக்கவே இல்லை.

தர்மராஜ் டீ குடித்துவிட்டு வந்ததும், இந்த வண்டி எடைக்குக்கூடத் தேறாது, வீட்டிலேயே நிற்கட்டும் என்று பாய் சொல்லிவிட்டார். நான் மூன்று நாள் அவகாசம் கேட்டேன். துருவை எடுக்க முடியாவிட்டாலும் பரவாமல் நிறுத்திப் பார்க்கிறேன் என்றேன். அந்த மூன்று நாளும் சோறு தண்ணீர் பார்க்காமல், சாய்ந்த வடிசலையெல்லாம் அழித்து நேராக வடிய விட்டேன். கை சூடு பிடித்த வேகத்தில் பானட்டிலும் கொஞ்சம் போட்டுவிட்டேன்.

தர்மராஜ் வந்து பார்த்து வெளிறிப்போனான். “கூடிருச்சே தங்கச்சி.”

உப்புக்காற்று என்றேன். இந்தக் கரையில் அந்த ஒரு பதில் போதும். அவன் தன் பைக்கை அந்த வண்டிக்குப் பக்கத்திலிருந்து நாலடி தள்ளி நிறுத்தினான்.

அதற்குப் பிறகு யாரும் அந்த வண்டியை இரவல் கேட்கவில்லை. செல்லச்சாமியும் அதில் ஏறுவதில்லை. உயிருக்கு ஆபத்து என்று சொந்தக்காரர்கள் அவரை ஏற விடுவதில்லை. எங்கே போவதென்றாலும் யாராவது ஒருத்தர் தன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறார். அவரால் வேண்டாம் என்று சொல்ல முடிவதில்லை.

போன மாதம் மதார் பாய் மறுபடி வந்தார். கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வரச் சொன்னார்.

“புதுக் கேட்டு நேரா நிக்குது. அதுல என் பழைய துருவப் போடு. சாஞ்சே வடியணும். கீழ உன் பேர எழுது, பெருசா.”

எழுதினேன். செல்லச்சாமி வண்டியைப் பற்றித்தானே சத்தியம், கேட்டைப் பற்றி இல்லையே. மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிற அத்தனை பஸ்ஸும் பார்க்கும்படி ஓரடி உயரத்தில் சாருஜா என்று எழுதி, அடியில் நடுங்காத கோடு ஒன்று இழுத்தேன். முகாம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் பாயிடம் தினமும் கேட்கிறார்களாம்: கேட்டு வைத்து வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படித் துருப்பிடித்துவிட்டதே, இந்தக் கேட்டைச் செய்த சாருஜா யார், அவளைச் சும்மாவா விட்டீர்கள் என்று. உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று பாய் என்னிடம் கேட்டார்.

அவரைக் கையோடு கூட்டிப்போய், அவர் கும்பிடும் தர்காவின் வாசலில் நிறுத்தி, சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.