பாறைக்கு மேற்கே மூன்றாவது மரம்

அப்பாவின் மார்பில் குவிந்திருந்த பூக்களுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் சின்னவன். தேடுகிற பூவை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. சுண்டுவிரல் நகமளவு, மங்கின மஞ்சள், உள்ளே புள்ளி என்று கல்லூரியில் தாவரவியல் நடத்தும் டீச்சர் போனில் சொன்ன அடையாளம்தான். குவியலில் பாதி மஞ்சளாகவே இருந்தது.

“உசுரோட இருந்தப்ப பக்கத்துல வரமாட்டான். இப்பப் பாரு, அப்பன் மேல இருந்து கையையே எடுக்கல” என்று பின்னால் யாரோ சொல்ல, இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள். சின்னவனுக்கு மானம் போயிற்று. அழுவதா தேடுவதா என்றே அவனுக்குப் புரியவில்லை.

காட்டிலாகாவில் முப்பது வருஷம் காவலராக இருந்த அப்பா, ஓய்வு பெற்றும் காட்டை விடவில்லை. போன மாதம் ஒரு கிளையில் ஆர்க்கிட் மொட்டு விட்டிருப்பதைப் படம் பிடித்து டீச்சரிடம் காட்டினார். பக்கத்து நாட்டில் உண்டாம். இந்த நாட்டில் இதுவரை ஒருவரும் கண்டதில்லையாம். படம் மட்டும் போதாது, பூவை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டால்தான் பதிவு, அதுவும் கண்டெடுத்தவர் பெயரிலேயே என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நேற்று மாலை பூத்த காம்போடு வந்து டம்ளர் தண்ணீரில் வைத்தார். காலையில் டீச்சர் பாட்டிலோடு வருவதாக இருந்தது. அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

“டம்ளர்ல இருந்த பூ எங்க அத்தை?”

“அண்ணன் ஆசையா கொண்டாந்த பூடா. அவருக்கே போட்டேன்.”

“எந்தப் பக்கம் போட்டீங்க?”

“பார்த்தா போட்டேன்? அழுதுகிட்டே போட்டேன்!”

டீச்சர் வந்துவிட்டார். காலடியில் நின்று கொஞ்சநேரம் அழுதார். பிறகு பையை அணைத்துக்கொண்டு அவன் காதருகே குனிந்தார். “கேக்கவே கூசுது தம்பி. ஒரு நாள் பூ அது. சாயங்காலம் கூழாயிடும். செடி எங்க இருக்குன்னும் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

வெளியே வண்டி வந்து நின்றது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்: “கண்ணால தேடினா கிடைக்காது. மோந்து பாரு. ஈரத்துணி நாத்தம் அடிக்கும்.”

எல்லார் முன்னாலும் சின்னவன் குனிந்து அப்பாவின் மார்பில் மூக்கை வைத்தான். சோப்பு, பவுடர், புதுச் சட்டையின் கஞ்சி. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரிடம் இவ்வளவு கிட்டத்தில் அவன் போனதில்லை. இடது முழங்கை மடிப்பில் ஈரத்துணி வாடை அடித்தது. காம்பு நசுங்கியிருந்தாலும் ஒரு பூ முழுசாக இருந்தது. அப்போதுதான் அவனுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. பூ கிடைத்த சந்தோஷமா, என்ன எழவோ, அவனுக்கே தெரியவில்லை.

“போட்ட பூவை எடுக்கறானே, பாவி!” என்று அத்தை அலறினாள். டீச்சர் அவசரமாகப் பாட்டிலைத் திறந்து நீட்டினார். பூ ஸ்பிரிட்டில் ஒருமுறை புரண்டு அடியில் அமர்ந்தது.

டம்ளருக்கு அடியில் மடித்து வைத்திருந்த சீட்டை அம்மா எடுத்து வந்தாள். அப்பாவின் முத்துமுத்தான கையெழுத்து. அவர் பெயர், நேற்றைய தேதி. அதற்குக் கீழே, ‘இடம்: நான் சாப்பிடும் பாறைக்கு மேற்கே, மூன்றாவது மரம்.’

டீச்சர் இரண்டு தடவை படித்தார். “எந்தப் பாறை தம்பி?”

சின்னவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தினம் கட்டிக் குடுத்தேன். டப்பா காலியா வந்துச்சா, மிச்சம் வந்துச்சான்னு பார்ப்பேன். எங்க உக்காந்து சாப்பிட்டீங்கன்னு ஒருநாளும் கேட்டதில்ல.”

“அவர் எழுதுனபடியே ஒட்டிடறேன்மா” என்றார் டீச்சர். சீட்டைப் பாட்டிலின் மேல் வைத்து ஒட்டினார்.

தூக்கச் சொன்னார்கள். சின்னவன் முன்பக்கம் தோள் கொடுத்தான். வாசலில் திரும்பும்போது சமையலறை கண்ணில் பட்டது. அம்மா அலமாரியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். அடியெல்லாம் கல்லில் உரசிய கீறல். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.