துத்தநாகக் காது

பெயிண்டரின் இடது காதை உப்பு தின்று முடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வலி இல்லை. சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றபோதுதான் கவனித்தார்: காது இருந்த இடத்தில் வெள்ளைப் பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. தட்டிவிட்டார். கேட்பதில் குறை தெரியாததால் வழக்கம்போல வேலைக்குப் போனார்.

மனைவியைக் கடலில் ஒரு சுற்று அழைத்துப்போக வேண்டும் என்றுதான் சில மாதங்களுக்கு முன் ஒரு பழைய விசைப்படகை வாங்கியிருந்தார். அவளோ ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். வாங்கியதில் ஏமாறவில்லை. பின்புறம் உப்புநீரில் தொங்கும் இரண்டு எஞ்சின்களிலும் எண்ணெய் வடிக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எண்ணெய் பால் நிறத்தில் இருக்கிறதா, அதாவது தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதித்தார். இத்தகைய எஞ்சின் தன் சூட்டைத் தணிக்கக் கடல்நீரையே குடிக்கும். நீர் வெளியே போய்விடும், உப்பு மட்டும் உள்ளே குடித்தனம் வந்துவிடும். அதனால் ஓட்டிய பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். விற்றவர் ஒழுங்காகக் கழுவியிருந்தார். இன்னொரு ஏற்பாடும் உண்டு. உப்பு எதையாவது தின்றே ஆகவேண்டும். எஞ்சினைத் தின்னாமலிருக்க, அதன் அடியில் துத்தநாகக் கட்டி ஒன்றை வைப்பார்கள். உப்பு அதில் வாய் வைக்கும், எஞ்சினை விட்டுவிடும். கட்டி கரைந்தால் வேறு மாட்டலாம்.

காலமெல்லாம் இரும்புக் கேட்டுகளுக்கு வண்ணம் அடித்த மனிதருக்கு அந்தச் சொரசொரப்பான கட்டிகள் கண்ணை உறுத்தின. எஞ்சின்களுக்கு நீலம் பூசியபோது அவற்றையும் விடவில்லை, இரண்டு கோட் அடித்தார். உப்பு பசியோடு படகைச் சுற்றிப் பார்த்தது. எங்கும் பெயிண்ட், ஒரு கீறல் இல்லை. பெயிண்ட் படாமல் படகில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

காதுக்குப் பிறகு வலது கைச் சுண்டுவிரல் நுனி உதிர்ந்தது. அடுத்து பிரஷ் பிடிக்கும் விரல்களிலும் வெள்ளைப் பொடி தெரிந்தது. மனைவி படகு மெக்கானிக்கை இழுத்து வந்தாள். அவர் எஞ்சின்களுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, கட்டிக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா? சுரண்டி எடுங்க."

"என் பெயிண்ட்ட இதுவரைக்கும் ஒருத்தனும் சுரண்டினதில்ல."

"உப்பு உங்களையே சுரண்டித் தின்னுட்டிருக்கு, இவருக்குப் பெயிண்ட் கவலை!" என்ற மனைவி, கணவரின் பையிலிருந்தே சுரண்டும் தகட்டை எடுத்து நீலத்தை வழித்துப் போட்டாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று மாலையே உப்பு கட்டிகளுக்குத் திரும்பியது. விரல்கள் தப்பின. போன காது வரவில்லை. மெக்கானிக் தன்னிடமிருந்த மிச்சத் துத்தநாகத்தில் காது ஒன்று வார்த்து மாட்டினார், பொருத்தமாகவே இருந்தது.

இப்போது மனைவியும் படகில் வருகிறாள். அவருக்கு இடப்பக்கம்தான் உட்காருவாள். உப்பு அந்தக் காதைத் தாண்டி வராது என்று நம்பிக்கை. வருடத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வந்து எஞ்சின்களுக்கு இரண்டு, அண்ணனுக்கு ஒன்று மாற்றிவிட்டுப் போகிறார். அன்றைக்கு மட்டும் பெயிண்ட் டப்பாக்களை அவள் பூட்டி வைத்துவிடுகிறாள்.