நோயெமிக்குத் தமிழ் தெரியாது

பாரிசிலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் ஒரு மாணவி வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து தாளாளர் விஜயராகவன் கழுத்தை நிமிர்த்தியே நடந்தார். பள்ளி வாசலில் பேனர் கட்டியாயிற்று. வருகிறவளின் படம் கைக்கு வராததால், இணையத்தில் அகப்பட்ட பொன்னிறக் கூந்தல்காரி ஒருத்தி அதில் சிரித்தாள். கார் வந்து நின்றதும் மாலையோடு முன்னே போனவர், இறங்கிய பெண்ணைச் சற்று ஒதுங்கச் சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். டிரைவர்தான் இருந்தார்.

இறங்கியவள்தான் நோயெமி. முழுப்பெயர் நோயெமி ஆதிமூலம். அப்பா இதே புதுச்சேரியில் முதலியார்பேட்டை மில் தொழிலாளியின் மகன். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவர். வீட்டில் பேச்செல்லாம் தமிழ். “வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?” என்று அவள் தணிந்த குரலில் கேட்டபோது விஜயராகவனின் முகத்தைவிட மாலைதான் முதலில் தொங்கியது.

அவர் வீட்டில்தான் தங்கல். அன்று மாலையே பக்குவமாக எடுத்துச் சொன்னார். பரிமாற்ற விழா வருகிறது, பெற்றோர் வருவார்கள், அவர்கள் பேனரைப் பார்த்திருக்கிறார்கள். நிறத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, பாஷைக்குச் செய்யலாம். “விழா வரைக்கும் பிரெஞ்சு மட்டும் பேசும்மா. தமிழ் எங்க ஓடிப்போவுது?”

அவர் வீட்டுச் சோறு தட்டில் இருந்தது. அவள் தலையாட்டிவிட்டாள்.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இடம் பூர்ணிமா. அதற்கடுத்து சுடர்விழி. இருவரும் அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசினார்கள்.

“இதப் பாத்தா பிரெஞ்சுக்காரி மாதிரியாடி இருக்கு? முதலியார்பேட்டை பஸ் ஸ்டாப்புல பாத்த மாதிரி இருக்கு” என்றாள் பூர்ணிமா.

நோயெமிக்குச் சிரிப்பு வந்தது. அன்றே சிரித்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். அடக்கிக்கொண்டாள். அதற்கப்புறம் சிரிக்க வழியில்லாமல் போனது. பூர்ணிமா தன் வீட்டுச் சண்டையைச் சொன்னாள், யாரையோ பிடித்திருப்பதைச் சொன்னாள்; இந்தக் காது செவிட்டுக் காது என்ற நம்பிக்கையில் சொன்னாள். இப்போது வாயைத் திறந்தால் வேவு பார்த்தவள் என்றாகிவிடும்.

மதியத்தில் அவரவர் டப்பாவை அடுத்தவர் கொள்ளையடிப்பார்கள். நோயெமியின் டப்பாவை யாரும் தொடவில்லை. பிரெஞ்சு வயிறு என்று தாளாளர் வீட்டில் தினமும் சீஸ் வைத்த ரொட்டி கட்டிக் கொடுத்தார்கள்.

“பாவம், தனியா தின்னுது. கூப்பிடலாமா?” என்று சுடர்விழி கேட்டாள்.

“கூப்ட்டு? பிரெஞ்சுல யாரு பேசுறது?” என்றாள் பூர்ணிமா. பிரெஞ்சில் அவள்தான் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். புத்தகத்தின் கேள்வி பதில் அத்தனையும் மனப்பாடம். புத்தகத்துக்கு வெளியே ஒரு வார்த்தை தெரியாது. அந்த மதிப்பெண்ணுக்காகவே விழாவில் நோயெமியின் பேச்சை மொழிபெயர்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது.

விழா அன்று, நோணாங்குப்பம் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கும் பிரமுகர் தலைமை தாங்கினார். பிரெஞ்சு ஆசிரியை வசந்தா முன்வரிசையில் இருந்தார். நோயெமி எழுதி வைத்திருந்ததைப் பேசத்தான் எழுந்தாள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தன் பேச்சு புரியப் போவதில்லை என்று உறைத்ததும் வேறு பேச்சு வந்துவிட்டது. இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை, தனியாகச் சாப்பிடுகிறேன், வீட்டுக்குப் போய்விடலாம்போல் இருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். வசந்தா டீச்சர் பூரித்துத் தலையாட்டினார்.

பூர்ணிமா மைக்கைப் பிடித்தாள். புரிந்தது ஒரு வார்த்தையும் இல்லை; குரல் மட்டும் நடுங்கவில்லை. “எழில்மிகு புதுச்சேரிக்கு வந்ததில் பெருமை கொள்கிறேன். தாளாளர் ஐயா என்னை மகளாகப் பார்க்கிறார். எண்ணற்ற தோழிகள் கிடைத்திருக்கிறார்கள்.” கைதட்டல் ஓய நேரமாயிற்று.

மேடைக்குப் பின்னால் நோயெமி சன்னமாகச் சொன்னாள்: “நான் அப்படிச் சொல்லல.”

பூர்ணிமா சட்டென்று திரும்பி, “மொதல் நாள்லேருந்தே புரியுமா?” என்றாள்.

“ம்.”

“பஸ் ஸ்டாப்பு?”

“அப்பா வீடு அதுக்குப் பின்னாலதான்.”

பூர்ணிமா விறுவிறுவென்று போய்விட்டாள். இனி ஊர் திரும்பும்வரை சீஸ் ரொட்டிதான் துணை என்று நோயெமி முடிவு கட்டினாள். விழாவின் வெற்றியில் குளிர்ந்த விஜயராகவன், அட்மிஷன் முடியும்வரை தமிழ் வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டார்.

மறுநாள் மதியம் அவள் டப்பாவைத் திறந்ததும் ஒரு கை உள்ளே நுழைந்தது. பூர்ணிமா ரொட்டியைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“இதயா தெனமும் தின்ன?”

நோயெமி தலையாட்டினாள்.

“நான் சொன்னது ஒண்ணு வெளிய போச்சு, செத்த. எனக்குப் பிரெஞ்சு வராதுங்கறதும் சேத்துதான்.”

“நான் தமிழ் பேசுறத நீ சொல்லாத.”

“பெரிய ரகசியம்” என்று தன் டப்பாவைத் தள்ளினாள் பூர்ணிமா. கருவாட்டுக் குழம்புச் சோறு. நோயெமி ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்ட நேரம், பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் சிலரை அழைத்துக்கொண்டு விஜயராகவன் வாசலில் வந்து நின்றார்.

“பாருங்க, நம்ம பொண்ணுங்க எப்பிடி பிரெஞ்சுல பழகுறாங்கன்னு.”

நோயெமிக்குக் காரத்தில் கண்ணீர் வந்துவிட்டது. வாயிலிருந்து வந்த “ஸ்ஸ்” தமிழா பிரெஞ்சா என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது. பெஞ்சுக்கு அடியில் பூர்ணிமா அவள் தொடையைக் கிள்ளினாள்.

“மெதுவா மெல்லுடி. ஆளு போவட்டும்.”