இடுப்பளவுக் கோடு

கண்ணாயிரம் முதலாளி எனக்குத் தரவேண்டியது மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். 'தானே' புயலுக்குப் பிறகு, கடலூரில் அவருடைய மாடிக் கட்டடம் முழுவதுக்கும் நான் ஒற்றை ஆளாகச் சுண்ணாம்படித்தேன். பதினாலு நாள் கூலி, நாளுக்கு இருநூற்றறுபது. கீழ்த்தளத்தை நர்சரிப் பள்ளிக்கு வாடகைக்கு விட்டதும் தருவதாகப் பேச்சு.

பள்ளிக்காரர்களோ, கட்டடம் புயலுக்கும் வெள்ளத்துக்கும் தாங்குமா என்று எழுதி வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். அதைப் பார்க்கத்தான் சிதம்பரத்திலிருந்து மாலதி என்கிற இன்ஜினியர் பெண் வந்தாள். தூணைத் தட்டினாள். கூரை விரிசலை அளந்தாள். தெருவைவிடத் தரை எவ்வளவு உயரம் என்று பார்த்தாள்.

"வரவர ஒரு மாச மழை ஒரே நாள்ல கொட்டிடுது சார். கெடிலம் ஆத்துத் தண்ணி இதுக்குள்ள எப்பயாவது வந்திருக்கா?"

"ஒரு சொட்டு வந்ததில்லம்மா. வேணும்னா இவனக் கேளுங்க. பத்து வருசமா இவன்தான் வெள்ளையடிக்கிறான்."

சொல்லிவிட்டு முதலாளி என் காதோரம் குனிந்தார். "வந்ததில்லன்னு சொல்லிட்டுக் காச வாங்கிக்கினு போ, ஆண்டி." அவர் சட்டைப் பையில் ரூபாய் நோட்டு துருத்திக்கொண்டிருந்தது.

எனக்கும் உடம்பு முடியவில்லை. விரலெல்லாம் சுண்ணாம்பு தின்ற புண். கையைத் தூக்கினால் தோள் குத்துகிறது. அந்தக் காசு இருந்தால் பத்து நாள் படுத்துக் கிடக்கலாம்.

ஆனால் அந்தச் சுவரில் என் கையெழுத்து இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவன் நான். கை பழக நோட்டுக்கு எங்கே போவது? வெள்ளையடிக்கும் முன் சுவரிலேயே ஆணியால் கீறிப் பழகுவேன். மேலே பூசிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது.

சுரண்டியை எடுத்தேன்.

"டேய், என்னாடா பண்றே? நேத்துதானடா அடிச்சே!"

"நான் அடிச்சத நான்தான் சொரண்டறேன் மொதலாளி."

பட்டை பட்டையாக உதிர்ந்தது. கறுத்த சிமெண்டுப் பூச்சில், கீறலுக்குள் தங்கிய சுண்ணாம்பு மட்டும் வெள்ளை எழுத்தாக நின்றது. என் இடுப்பு உயரத்தில் ஒரு கோடு: '2005 ஐப்பசி. தண்ணி இதுவரை. ஆண்டி.' ஒரு சாண் கீழே இன்னொன்று: '2008 கார்த்திகை.'

மாலதி டேப் வைத்தாள். "தொண்ணூத்தாறு சென்டிமீட்டர்."

"மூணு வயசுப் புள்ளைங்களுக்குத் தலைக்கு மேலம்மா. எழுதிக்க."

கீழ்த்தளம் பள்ளிக்கு ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஒத்தப் பைசா கெடையாதுடா ஒனக்கு! எந்தக் கோர்ட்டுக்கு வேணா போ!"

"கோர்ட்டு எதுக்கு? செவுரு இருக்குதே."

ஆணியை எடுத்தேன். 2008க்குக் கீழே, கொம்பு சுழி எதுவும் விடாமல், நிதானமாகக் கீறினேன்: '2012 மாசி. கண்ணாயிரம் பாக்கி 3,640 தள்ளுபடி. ஆண்டி.'

"இத மூடறதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க மொதலாளி."