எர்மத் வீட்டு வாசலில் நின்ற பாட்டு

இதய அறுவைக்குப் பிறகு ஓஷ் நகர ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் எர்மத் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த வருஷப் பூவைக் கண்ணுல ஒத்திக்கிட்டா போதும்."

பனி உருகியதும் வால்நட் காட்டில் முதலில் தலைகாட்டும் மஞ்சள் பூ அது. பெண்கள் பறித்து வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். வாங்கிக் கண்ணில் ஒற்றி, குளிர்காலத்தைத் தாண்டியதற்கு நன்றி சொல்ல வேண்டும். நாமே போய்ப் பறித்தால் சேர்த்தியில்லை. வாசல் தேடி வரவேண்டும்.

நேற்று இருட்டிய பிறகுதான் அவரும் மனைவி சபோகத்தும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். தெருவில் யாரும் பார்க்கவில்லை.

இன்று பாட்டு நெருங்கியது. பக்கத்து வீட்டில் கேட்டது. இவர்கள் வாசலில் நின்றுபோனது. காலடிகள் மட்டும் மெதுவாகக் கடந்தன.

சாவு வீட்டின் முன்தான் பாட மாட்டார்கள். சபோகத் வெளியே ஓடினாள். பாடி வந்த பெண்களில் முன்னால் போன ஸுலைஹோ திரும்பி வந்து கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"யாருக்குக்கா அழறீங்க?"

"உன் வீட்டுக்காரருக்குத்தான். ஆஸ்பத்திரியில எர்மத் தவறிட்டார்னு காலையில போன் வந்துச்சேடி."

ஜன்னலிலிருந்து எர்மத்தின் குரல் வந்தது. "அழுது முடிச்சிட்டீங்கன்னா பூவைக் கொண்டாங்க. நல்லாத்தான் அழறீங்க, குறை சொல்லல."

ஸுலைஹோ தலைமுக்காட்டால் முகத்தைத் துடைத்தாள். "பாவி மனுஷா, என் கண்ணீரை வீணாக்கிட்டியே." பெண்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்க நேரமாகவில்லை. இந்தத் தெருவிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது இரண்டு எர்மத்.

"அப்ப தவறினது ஆலைக்காரன்," என்றார் அவர். "கால்ல கட்டுப் போடன்னு வந்தவன். நேத்து நாங்க கிளம்பறப்ப டீ குடிச்சிட்டு இருந்தானே."

ஆலை தெருக்கோடியில். பெண்கள் இன்னும் அங்கே போகவில்லை. இந்த வாசலைத் தாண்டியதும் மறுபடி பாட்டெடுத்து, அந்த வீட்டு முன்னாலும் பாடியிருப்பார்கள்.

"பாடாம போங்க," என்றார் எர்மத். "சபோகத், நீயும் போ. அவன் பெண்டாட்டிக்கு விஷயம் தெரியுமோ என்னமோ."

ஸுலைஹோ ஜன்னல் வழியே ஒரு பூவை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

சபோகத் சால்வையைப் போர்த்திக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, கண்ணில் ஒற்றிய பூவை அவர் இன்னும் எடுக்கவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. அவளும் நடந்தபடியே, சத்தமில்லாமல், நன்றி சொல்லிக்கொண்டாள்.