சிரித்துக்கொண்டு வந்தவன்

நிக்கோபார் தீவின் கேம்பல் பே துறைமுகத்தை விட்டு வெகுதூரம் கடலுக்குள் வந்து தூண்டில் இறக்கியிருந்தார்கள். காற்று செத்துக் கிடந்தது. மீன் கடிக்கிற பாட்டைக் காணோம் என்பதால், சுதாகரும் அவன் தங்கை புருஷன் ஈஸ்வரனும் செல்போனில் ஒரு கடற்கொள்ளையர் படத்தின் மூன்றாம் பாகத்தைப் பார்த்து முடித்தார்கள். சுதாகருக்கு எரிச்சல் பொங்கியது.

“என்ன எழவு படம் இது! கொடி, பீரங்கி, குத்துப்பாட்டு. முதல் ரெண்டு பாகத்துலயும் கொள்ளைக்காரன் சிரிச்சிக்கிட்டே வந்து குடிக்கத் தண்ணி கேப்பான். அடிவயிறு கலங்கும்ல?”

“போ மச்சான், அதெல்லாம் போர். இதான் மாஸ்,” என்றான் ஈஸ்வரன்.

அப்போது ஒரு படகு, எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டபடி, அவர்கள் படகை ஒட்டி வந்து நின்றது. அதில் நாலு பேர். முன்னால் நின்றவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“தோடா பானி மிலேகா, பாய்?”

“பாவம், தண்ணி கேக்குறாங்க,” என்று ஈஸ்வரன் தங்கள் கேனைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்குப் போனான்.

சுதாகர் அந்தப் படகுக்குள் எட்டிப் பார்த்தான். சிரித்தவனின் காலடியில், மூடிகூடத் திறக்காத தண்ணீர் கேன்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.